கண் வைக்காத பூநாரைகள்

அறைக்குள் நுழைந்ததுமே பச்சை இரத்த வாடை ஸில்மியாவின் மூக்கில் அடித்தது. டர்பன்டைன் மட்டுமே மணக்கவேண்டிய அறை அது. சுவரை அடைத்து நின்ற அவளது ஓவியத்தில், பூநாரைகள் அத்தனையின் கழுத்திலும் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு.

"நானா!"

அண்ணன் றினாஸ் தொப்பியைக் கழற்றாமலே வந்து நின்றான். மஃரிப் தொழுதுவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான்.

"கத்தாத புள்ள. உசிருள்ளதை வரைஞ்சா கழுத்தில கோடு போடணும். அப்பதான் அது வெறும் படம்."

"அதுக்குத்தானே ஒண்டுக்கும் கண் வைக்காம விட்டனான்? நீங்களும் ஓம் எண்டனீங்க! நாளைக்கு யாழ்ப்பாணத்துக் கண்காட்சிக்குப் போற படம் இது!"

"கண் இல்லாட்டியும் பார்க்கிற மாதிரியெல்லோ கிடக்கு."

"செத்துப்போனதுகளை இன்னொருக்கா அறுத்திருக்கிறீங்க. வெட்கமாயில்லையா?"

புதிதாக இழுத்த கரண்டு கம்பிகளில் மோதி, கழுத்து முறிந்து கடலேரிச் சேற்றில் கிடந்த பறவைகள் அவை. ஒவ்வொன்றையும் கையால் தூக்கிப் பார்த்துத்தான் வரைந்திருந்தாள். கம்பி ஒருதரம் கொன்றது. இப்போது நானா.

துணியை டர்பன்டைனில் முக்கி முதல் கழுத்தைத் தேய்த்தாள். துணி கறுக்கவில்லை. சிவந்தது. வெளியே காலையிலிருந்து தென்னோலைகளை உலுப்பி இரைந்துகொண்டிருந்த வாடைக்காற்று, யாரோ வாயைப் பொத்தியதுபோல் சட்டென்று அடங்கியது. அவளுடைய விரல்களுக்குக் கீழே கன்வஸ் வெதுவெதுத்தது. உள்ளே எதுவோ துடித்தது.

"விடு தங்கச்சி." றினாஸின் குரல் இறங்கிப்போயிருந்தது. "அழிக்காத."

"அழிப்பன்! என்ன செய்வீங்க?"

தேய்த்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. மணிக்கட்டுவரை சிவப்பு.

கடைசிக் கோடு.

சிறகடிப்பு. அறைக்குள். முதுகுக்குப் பின்னால்.

பிறகு ஒன்றுமில்லை.

"தங்கச்சி... லைட்டை ஏன் நூத்தின நீ?"

மின்குமிழ் அணையாமல் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஓவியத்தில், முன்னால் நின்ற இரண்டு பூநாரைகளுக்கு இப்போது ஆளுக்கொரு கண் இருந்தது. மண்ணிறக் கண். மனிதக் கண். ஈரமாய் இமைத்தது.

மற்றவை தம் வெறும் முகங்களை, மெல்ல, ஸில்மியாவின் பக்கம் திருப்பின.