சாட்சி வேளை

செவ்வாய்க் கிரகத்தின் குகைநகரங்களில் பல் விளக்குவதற்கும் காபிக்கும் நடுவே ஒரு சின்னச் சடங்கு உண்டு. வீட்டில் மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் யாராவது இருந்தால் மற்றவர்கள் கூடத்தில் வந்து உட்கார வேண்டும். மருந்தளவைப் பார்த்துக்கொள்ளும் சுவர் கேள்வி கேட்கும். அவர்கள் சொல்ல வேண்டும். இதற்குச் சாட்சி வேளை என்று பெயர்.

“பூங்கோதை நேற்று எப்படி இருந்தார்?” என்று அன்றும் சுவர் கேட்டது.

பூங்கோதை எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை, கேட்பதில்லை.

“எப்படி இருந்தா? இங்க வந்தப்போ கொடி மாதிரி இருந்த பொண்ணு,” என்றாள் மாமியார் சௌந்தரம். “இப்ப பார்க்கவே சகிக்கல. நல்லாவே இல்ல.”

“அண்ணிக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருந்துச்சும்மா. தேடிக் கண்டுபிடிக்கணும்,” என்றாள் நாத்தனார் நித்திலா.

கணவன் இளம்பரிதி சிரிப்பை அடக்கிக்கொண்டான். “முன்ன மாதிரி இல்லதான்.”

சுவர் நன்றி சொன்னது. பூங்கோதையின் தோளெலும்புக்குக் கீழே அரிசிமணி அளவில் புதைந்திருந்த மனத்துணை, அன்றைய மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் குருதியில் விட்டது.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அறிவில்லாதவர்கள் அல்ல. மனம் சோர்ந்தவர்கள் தங்களைப் பற்றிப் பொய் சொல்வார்கள். ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்ற அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பூமியில் சொந்தங்களை இழந்தவர்கள் ஏராளம். குகைநகரங்களிலோ மருத்துவர்கள் குறைவு. ஆகவே நோயாளியின் வாயை விட்டுவிட்டு, கூட வாழ்கிறவர்களின் கண்ணை நம்புவது என்று முடிவாயிற்று. அந்தக் கண் ஒரு மனுஷியைப் பார்த்ததும் முதலில் எதைப் பார்க்கும் என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. பூமியில் அறுபது கிலோ காட்டுகிற உடம்பு செவ்வாயில் இருபத்துமூன்றுதான் காட்டும். ஈர்ப்பு குறைந்ததே தவிர, சொந்தக்காரர்களின் நாக்கு இங்கு வந்தும் ஒரு இழை குறையவில்லை.

செவ்வாய்க்கு வந்த முதல் வருடம் பூங்கோதை படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தாலும், தலைவாரச் சீப்பை எடுத்தவள் எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் அப்படியே நிற்பாள். துக்கமென்றுகூட அதைச் சொல்ல முடியாது. துக்கத்துக்காவது ஒரு காரணம், ஒரு ஈரம் இருக்கும். இது அணைத்துவிட்ட அடுப்பைப் போலக் கிடந்தது. அப்போதுதான் மனத்துணையைப் பதித்தார்கள்.

மருந்து வேலை செய்தது. ஒரு நாள் சமையலறையில் கடுகு வெடிக்கும் வாசனை மூக்கில் ஏறியபோது அவளுக்கு அழுகை வந்தது. பசித்தது! இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பாட்டை முணுமுணுத்தாள். நித்திலாவின் கேலிக்குத் திருப்பிக் கேலி செய்தாள். இந்த மருந்து சிலருக்குப் பசியைக் கூட்டி உடம்பு போட வைக்கும். பூங்கோதைக்கும் அப்படித்தான் ஆயிற்று. கன்னம் பூரித்தது, ரவிக்கைகளின் தையலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. உள்ளே விளக்கெரிகிற வீட்டுக்கு வாசல் கொஞ்சம் அகலமானால் என்ன?

ஆனால் சாட்சிகள் வாசலோடு நின்றுவிட்டார்கள். ‘நல்லாவே இல்ல’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நோய் முற்றுவதாக எண்ணிச் சுவர் மருந்தை ஏற்றியது. மருந்து ஏற ஏறப் பசி ஏறியது.

“நான் நல்லா இருக்கேன், போதும்,” என்று ஒருமுறை சுவரிடம் சொல்லிப் பார்த்தாள்.

“நோயாளிகள் அப்படித்தான் சொல்வார்கள்,” என்றது சுவர் கனிவாக.

ஒருநாள் பக்கத்துக் குகையில் வளைகாப்பு. தட்டோடு வரிசையில் நின்ற பூங்கோதையின் வயிற்றைத் தடவி, “உனக்கு எத்தனையாவது மாசம்?” என்று கேட்டாள் ஒரு கிழவி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது சௌந்தரம்.

மறுநாள் முதல் பூங்கோதை தன் தட்டுச் சோற்றைக் காளான் தொட்டியின் உரத்தில் புதைக்கத் தொடங்கினாள். பசி மருந்தின் குரலில் கத்தியது. தண்ணீரைக் குடித்து அதன் வாயை அடைத்தாள். இடுப்பு தெரிந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. சாட்சி வேளையின் பேச்சு மாறியது.

“இப்பதான் மருமக மாதிரி இருக்கா,” என்றாள் சௌந்தரம்.

“அண்ணி, கண்ணு பட்டுடும்போல. ரொம்ப நல்லா இருக்கீங்க,” என்றாள் நித்திலா.

சுவர் மகிழ்ந்தது. மருந்தைக் குறைத்தது. அவர்கள் இன்னும் புகழ்ந்தார்கள். சுவர் இன்னும் குறைத்தது. பசி தானாகவே போய்விட்டது. சோற்றைப் புதைக்கும் சிரமமும் இல்லை. ஒரு காலையில் பூங்கோதை கையில் சீப்போடு நின்றிருந்தாள். எதற்கு எடுத்தோம் என்று தெரியவில்லை.

பயம் வந்தது. பயமாவது மிச்சம் இருக்கிறதே என்று, அதுவும் போவதற்குள் சுவரிடம் ஓடினாள்.

“எனக்கு மருந்து வேணும். நான் நல்லா இல்ல.”

“மூன்று சாட்சிகளும் நீங்கள் நலம் என்கிறார்கள்.”

“நான் சொல்றேனே!”

“முன்பு நலமாக இருப்பதாகச் சொன்னீர்கள். அதுவும் சாட்சியோடு பொருந்தவில்லை. யாராவது ஒருவர் சொன்னால் போதும், உடனே கூட்டுகிறேன்.”

பாசித்தொட்டி வேலை முடிந்து வந்த இளம்பரிதியைக் கைகழுவும் இடத்தில் மடக்கினாள். “ஏங்க, நாளைக்கு ஒரே ஒரு தடவை, நான் நல்லா இல்லன்னு சொல்லுங்க. கால்ல விழறேன்.”

“என்ன ஆச்சு உனக்கு?”

“உள்ள ஒண்ணுமே இல்லைங்க. நீங்க பேசறது எங்கேயோ அடுத்த வீட்டுல கேக்கற மாதிரி இருக்கு.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உண்மையிலேயே கொஞ்சம் கலங்கினான். “சரி, சொல்றேன். அழாதே.”

காலையில் சுவர் கேட்டது. இளம்பரிதி தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். மெலிந்த தோள்களில் பழைய கல்யாணச் சேலை. அதன் ரவிக்கையைத் தவிர வேறெதுவும் அவளுக்கு இப்போது பொருந்துவதில்லை.

“நல்லா இல்லன்னு சொல்லச் சொன்னா,” என்று சிரித்துவிட்டான். “அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிடும். கல்யாணத்தன்னைக்குப் பார்த்த அதே பூங்கோதை.”

“வாழ்த்துகள், சிகிச்சை நிறைவடைந்தது,” என்றது சுவர். மனத்துணை அணைந்தது. சௌந்தரம் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து மருமகளுக்குத் திருஷ்டி சுற்றினாள். பூங்கோதை அசையாமல் நின்றாள். அதையும் அடக்கம் என்று மெச்சினார்கள்.

அண்ணியை மெலிய வைத்தது மனத்துணைதான் என்று எண்ணிய நித்திலாவால் பொறுக்க முடியவில்லை. “அந்த நோய் எனக்கு வரக்கூடாதா? எனக்கும் அதைப் பதிச்சாத்தான் ஆச்சு!” தாயும் அண்ணனும் அவளுடைய இடுப்பைப் பார்த்து, நல்லாவே இல்லை என்று சந்தோஷமாகச் சாட்சி சொன்னார்கள். ஒரு துளி சோர்வும் இல்லாத அந்தப் பெண்ணின் தோளடியில் மனத்துணை ஏறியது.

அடுத்த வாரம் சாட்சி வேளையில் சுவர் முதன்முறையாகப் பூங்கோதையின் பெயரைச் சொல்லி அழைத்தது. “நீங்கள் குணமடைந்தவர். இனி உங்கள் சொல் செல்லும். நித்திலா எப்படி இருக்கிறார்?”

நித்திலா நிமிர்ந்து உட்கார்ந்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். பூங்கோதைக்கு எல்லாம் தெரியும். ‘இவளுக்கு ஒன்றுமில்லை, கழற்றிவிடுங்கள்’ என்றால் போதும். செல்லுபடியாகும் முதல் வார்த்தை அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது.

“போன வாரத்துக்கு இப்ப கொஞ்சம் உடம்பு போட்டிருக்கா,” என்றாள். “முகமே நல்லா இல்ல.”

நித்திலாவின் முகம் வாடியது. தோளடியில் அரிசிமணி மெல்ல மினுக்கி மருந்தைக் கூட்டியது.

பூங்கோதைக்குள், மாதக்கணக்காகச் செத்துக் கிடந்த ஏதோ ஒன்று, அதைப் பார்த்து லேசாகச் சிரித்தது.