அண்ணியின் எட்டு வருஷம்

"சாந்தா குரூஸுக்கு உங்களையும் கூட்டிட்டுப் போய் என்ன பண்றது அண்ணி? பஸ் போர்டு கூட படிக்கத் தெரியாது. தொலைஞ்சு போனா நான் எங்கன்னு தேடுவேன்?"

நெலிதாவுக்கு அந்த ஊரில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் கிளம்புகிறாள். அண்ணி காசில்தா ஊதாச்சோளக் கஞ்சியைக் கிண்டினாள். புருஷனைச் சுரங்கம் விழுங்கிய பிறகு, அவனுடைய ஆறு வயதுத் தங்கையைச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்று வளர்த்தவள் அவள். மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தத் தங்கை நெலிதா இன்று இன்ஜினியர்.

அரசாங்கத்துக்காகக் கணக்கெடுக்கும் பெண் ரொசியோ கதவைத் தட்டினாள். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் எவ்வளவு கூடுதலாகப் படித்திருக்கிறார்கள் என்று எல் ஆல்ட்டோ நகரம் முழுக்க வீடு வீடாகக் கேட்கிறார்களாம்.

"நீங்க எத்தனை வருஷம் படிச்சீங்க?"

"பதினேழு."

"உங்களை வளர்த்தவங்க?"

"இதோ, எங்க அண்ணி. பள்ளிக்கூட வாசலையே பார்த்ததில்ல. பூஜ்யம் போடுங்க."

ரொசியோ வாயைப் பிளந்தாள். "பூஜ்யத்துலேருந்து பதினேழா! இப்படி ஒரு தாவல் இந்தத் தெருவுலயே இல்லைங்க!"

நெலிதாவின் முகம் மலர்ந்தது.

"எட்டு," என்றாள் காசில்தா.

"என்ன எட்டு?"

"எட்டாம் வகுப்பு முடிச்சிருக்கேன். வீட்டுல பொய் சொல்லலாம். நாட்டுக் கணக்குல சொல்லக் கூடாது."

"அண்ணி... மானத்தை வாங்காதீங்க!"

காசில்தா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ரொசியோ பதிவு செய்துகொண்டிருந்த டேப்லெட்டை வாங்கினாள். அடுத்த கேள்வியைத் தடங்கலின்றிப் படித்தாள். "'சமையலுக்கு எதைப் பயன்படுத்துகிறீர்கள்? விறகா, காஸா?' காஸ்தான். அதையும் போட்டுக்கோ."

நெலிதா அண்ணியின் பக்கம் திரும்பினாள். "அப்போ... சின்ன வயசுல தினமும் 'எனக்கு எழுத்து தெரியாது, நீ படிச்சுக் காட்டுடி'ன்னு உக்காந்தீங்களே?"

"புஸ்தகம்னாலே அழுத. எனக்குத் தெரியாதுன்னேன். உடனே டீச்சர் மாதிரி நிமிர்ந்து உக்காந்துட்ட. தப்பாப் படிச்சா 'புரியலையே, மறுபடி படி'ன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

அந்தப் 'புரியலையே' ஒவ்வொன்றும் தான் தடுமாறிய இடத்தில்தான் வந்தது என்பது நெலிதாவுக்கு இப்போதுதான் உறைத்தது. அண்ணியை மரமண்டை என்றுகூடத் திட்டியிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கண்கள் ஒரு பேப்பரைக்கூட எட்டிப் பார்த்ததில்லையே! இந்தச் சின்ன உருவத்துக்குள் இவ்வளவு இருந்ததா?

"ஏன் அண்ணி சொல்லவே இல்ல?"

"ஒண்ணும் தெரியாதவ வளர்த்துத்தான் இன்ஜினியர் ஆனேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்ச. அதை ஏன் கெடுக்கணும்?"

ரொசியோ தயங்கினாள். "அப்போ தாவல் ஒன்பதுதான் வருது..."

"வரட்டும்! எட்டுன்னே போடுங்க!" நெலிதா அழுதுகொண்டே அண்ணியைக் கட்டிக்கொண்டாள். "என்கூட வந்துடுங்க அண்ணி... உங்களை விட்டுட்டு நான் எப்படி..."

"வர்றதா வேண்டாமான்னு நாளைக்குச் சொல்றேன்," என்றாள் காசில்தா.

அணைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.