விருந்தாளியாக நடித்தவர்

கூடத்து மூலையில் சுவரைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலி கொஞ்சம் திரும்பியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். நோட்டக்காவின் கண்ணுக்கு அது தப்பவில்லை, அவள் பிழைப்பே அதுதான். சினிமாவில் கன்டினியூட்டி பார்ப்பவள். ஒரு ஷாட்டில் தம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தால் அடுத்த ஷாட்டிலும் அதே பாதி இருக்க வேண்டும். இன்றைக்குச் சட்டையில் இரண்டாம் பொத்தான் திறந்திருந்தால் நாளைக்கும் அதே பொத்தான்தான். எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் எழுதிக்கொள்வாள், அதனால் யூனிட்டில் எல்லோருக்கும் நோட்டக்கா. சொந்தப் பெயர் வங்கிக்கும் வெளிநாட்டுத் தம்பிக்கும்தான் தெரியும்.

நாற்காலிக் கால்களுக்கு அருகே தரையில் சிவப்பு டேப் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டு ஒட்டியவள் அவளேதான். நான்கு நாள் முன்பு படப்பிடிப்பு முடிந்தபோது, மிச்சம் ஒரு ஷாட் இருக்கிறது, எதையும் அசைக்காதீர்கள் என்று டைரக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவள் நாற்காலியை ஒன்றாம் டேப்பில் நேராக வைத்தாள். இப்போது அது இரண்டில் நின்றது. பெருக்கும்போது இடித்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டு காலால் நகர்த்தி ஒன்றில் வைத்தாள்.

சின்னப் படம். ஆறு பேர் ஒன்று சேர்ந்து கைக்காசு போட்டு எடுத்தது. டைரக்டர், கேமராமேன், சவுண்ட்காரர், லைட்மேன், நடித்த பெண், நோட்டக்கா. வீடு நோட்டக்காவுடையது. அம்மா போய்ப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. வீடு சும்மாதானே கிடக்கிறது என்று கொடுத்துவிட்டாள்.

வில்லனுக்கென்று தனி ஆள் வைக்க வழியில்லை. அந்த ஷாட்டில் யாருக்கு வேலை இல்லையோ அவர் சாம்பல் நிற மழைக்கோட்டை மாட்டிக்கொள்வார். தலையில் ஒரு வெள்ளைத் தலையணை உறை. கண்ணுக்குத் துளைகூடக் கிடையாது. "பாக்குறவங்க ஆளுக்கொரு முகம் வெச்சுக்கட்டும்" என்று டைரக்டர் சொல்லிவிட்டார். கதையில் அவனுக்கு விருந்தாளி என்று பெயர். கத்தி எடுக்க மாட்டான், துரத்த மாட்டான். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குள் வந்து சுவரைப் பார்த்து உட்காருவான். அவள் பார்க்காத நேரத்தில் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் திரும்பும். ஒன்பதாம் டேப்பில் முழுதாகத் திரும்பிவிடும். அதோடு படம் முடிந்தது.

கேட்கும்போது சிரிப்பாகத்தான் இருந்தது. எடுத்ததைப் போட்டுப் பார்த்த அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. லைட்மேன் மட்டும், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிட்டு, பாத்ரூமுக்குப் போகத் துணைக்கு ஆள் கூப்பிட்டார்.

துளையில்லாத உறையை மாட்டியவருக்கு வழி தெரியாது. அவரைக் கையைப் பிடித்து நாற்காலிக்குக் கொண்டுபோய் உட்காரவைப்பதும், கட் சொன்னதும் திரும்ப அழைத்துவருவதும் நோட்டக்காவின் வேலையாகிவிட்டது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. படப்பிடிப்பு நடந்த பதினெட்டு நாளும் வாசல் நிறையச் செருப்பு, கொடி நிறைய ஈரத்துண்டு, சாப்பாட்டு மேசையில் சண்டை. இப்போது எல்லோரும் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஃப்ரிட்ஜ் உறுமுவது வாசல்வரை கேட்டது. தம்பி காலையிலேயே பேசிவிட்டான், ஐந்து நிமிடம். இனி அடுத்த ஞாயிறுதான்.

மழை வருகிற மாதிரி வெளிச்சம் மங்கியது. சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடிட்டர். படப்பிடிப்புக்கு வராதவன், எடுத்ததை மட்டும் பார்ப்பவன்.

"அக்கா, டைட்டில் அடிக்கிறேன். விருந்தாளியா யார் யார் உக்காந்தாங்கன்னு சொல்லுங்க, பேர் போடணும்."

அவள் நோட்டை எடுத்துவந்து வரிசையாகப் படித்தாள். பன்னிரண்டாவது ஷாட், லைட்மேன். பத்தொன்பது, டைரக்டரே. நாற்பத்தொன்று, சவுண்ட்காரர்.

"நாப்பத்தொண்ணு அவர் இல்லக்கா. ஷாட் நடுவுல அவர் தும்முறாரு. சத்தம் மைக் பக்கத்துலேர்ந்து வருது. நாற்காலில இருக்கறவன் அசையவே இல்ல."

"அப்ப லைட்மேனா இருக்கும்."

"அவரும் டைரக்டரும் கண்ணாடி அலமாரில தெரியறாங்க. கேமராமேன் கேமராவப் பிடிச்சிருக்காரு. அந்தப் பொண்ணு ஃப்ரேம்ல இருக்கு. க்ளாப் அடிச்சது நீங்க. ஆறு பேர் ஆச்சு. வெளியாள் யாராச்சும் வந்தாங்களா? பேரச் சொல்லுங்க, போட்டுடறேன்."

தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைத்தாள். யாரும் வரவில்லை. ஒவ்வொருவரும் உறைக்குள் இருப்பது இன்னொருவர் என்று நினைத்திருக்கிறார்கள். அவளும் நினைத்தாள், நினைத்ததை எழுதியும் வைத்தாள்.

கூடத்தில் மரம் தரையில் இழுபடும் ஓசை கேட்டது. கர்ர் என்று, மிகச் சின்னதாக.

எட்டிப் பார்த்தாள். நாற்காலி நான்காம் டேப்பில் நின்றது.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? கட் சொன்ன பிறகும் கேமரா ஓடியிருக்கு. நீங்க அவர் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்க, ஏதோ சொல்றீங்க. இருங்க, போடறேன்."

போனுக்குள் அவள் குரலே கேட்டது, சிரிப்பும் களைப்புமாக. "நாளைக்கு எல்லாரும் போயிடுவீங்க. அப்புறம் நானும் இந்தச் சுவரும்தான். நீங்களாவது இங்கயே இருந்துடுங்களேன்."

"அதுக்கு அவர் தலையாட்டறாருக்கா" என்றான் எடிட்டர்.

நுணலும் தன் வாயால் கெடும். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் பொய்யாகச் சொல்லவில்லை. அந்தக் கை அவளுக்கு ஞாபகம் வந்தது. குளிர்ந்து, எலும்பே இல்லாததுபோல் மெத்தென்று இருந்தது. விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தது. மழைக்கோட்டுக்குள் பாவம் வேர்த்துப்போயிருக்கிறார் என்று நினைத்தாள். உடை மாற்றட்டும் என்று அம்மாவின் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவர் வெளியே வந்ததை அவள் பார்க்கவில்லை.

"தம்பி, இப்ப இங்க வர முடியுமா?" என்று எடிட்டரிடம் கேட்டாள்.

"இப்பவா? என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சும்மா வா. தேத்தண்ணி போட்டுத் தரேன்."

"அரை மணியில வரேன்."

கதையில் ஒரு விதி இருந்தது. விருந்தாளி தனியாக இருப்பவர்களிடம்தான் இருப்பான். வேறு யாராவது உள்ளே வந்தால் நாற்காலி சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். அரை மணி. அதைத் தாண்டிவிட்டால் போதும். இல்லை, எதற்கு உள்ளே காத்திருக்க வேண்டும்? தெருவில் போய் நிற்கலாம். மழை வந்தால் நனைந்துகொள்ளலாம். குனிந்து மேசைக்கடியில் சாவியைத் தேடினாள்.

கர்ர்.

ஏழு.

அம்மாவின் அறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே அலமாரியும். துவைத்து மடித்து அவள் அலமாரிக்குள் வைத்த கோட்டு அங்கே இல்லை. உறையும் இல்லை. ஈரத்துணி காயாமல் கிடந்தால் வருமே, அந்தப் புளித்த வாடை மட்டும் அறையிலிருந்து கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டே இருக்கும்வரை நாற்காலி நகராது. அதுவும் விதிதான். கண்ணை நாற்காலியிலிருந்து எடுக்காமல், சுவரில் முதுகை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்தாள். வாசலுக்குப் பத்தடி. மழை கூரையில் இறங்கியது. எட்டடி. கண் எரிந்தது. சிமிட்டினாள்.

கர்ர்.

ஒன்பது. நாற்காலி நேராக அவளைப் பார்த்து நின்றது.

காலியாக.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படத்தில் ஒரு ஷாட்டில்கூட அந்த நாற்காலி காலியாக இருந்ததில்லை. எழுதிவைத்தவள் அவள்தான். ஒன்பதிலும் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் வேறெங்கோ நிற்கிறான்.

யாராவது அழைத்துப்போகட்டும் என்று.

அவள் இடது கைக்குள் ஒரு கை வந்து சேர்ந்தது.

குளிர்ந்த கை. மெத்தென்ற கை.

இழுக்கவில்லை. நெரிக்கவில்லை. காத்திருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தவும் இல்லை. எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. பிடித்த கையை அவள் உதறவில்லை. அவர்கள் போன இந்த நான்கு நாளில் அவளைத் தொட்ட முதல் கை அது.

கால்கள் தாமாக நடந்தன. பதினெட்டு நாள் பழக்கம். ஓர் அடி. இன்னோர் அடி. பின்னால் மழைக்கோட்டு சரசரத்தது. நாற்காலி வரை கொண்டுபோய் விட்டாள். அவன் உட்கார்ந்தான். மரம் முனகியது.

"கட்" என்றாள். காற்றுதான் வந்தது.

"கட்."

கை விடவில்லை.

அரை மணி அப்படியே போயிற்று. வாசல் மணி அடித்தது. "அக்கா! நான்தான். கதவத் திறங்க, நனையறேன்!"

அவள் கையை இழுத்தாள். வரவில்லை. மணி மறுபடி அடித்தது. கதவு பத்தடியில் இருந்தது. ஒருவர் உள்ளே வந்தால் போதும், நாற்காலி திரும்பிவிடும். வாயைத் திறந்தாள்.

தலையணை உறை வாய் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளே ஒட்டியது. உப்பியது. மறுபடி ஒட்டியது. பிறகு துளையில்லாத அந்த வெள்ளை மெல்ல அவள் முகத்தை நோக்கி நிமிர்ந்து, கதவைத் திறக்க வேண்டாம் என்று இடமும் வலமுமாக அசைந்தது.