மிளகாய் காத்த இடம்

மிளகாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

வீட்டில் எல்லோரும் அவளை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்டால் அதற்கும் கோபம் வரும்.

ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். மின்சார வண்டிகளுக்குத் தெருவுக்கே ஒரே ஒரு சார்ஜ் கம்பம். அதில் கண்ணாடிக்கடை மாமாவின் வெள்ளைக் கார் வயரோடு நின்றது. கம்பத்தில் பச்சை விளக்கு. அப்படியென்றால் கார் வயிறு முட்டக் குடித்தாகிவிட்டது என்று அர்த்தம். மத்தியானத்திலிருந்தே பச்சைதான்!

"அம்மா, மாமா இன்னும் வண்டிய எடுக்கல!"

அம்மா மின்சார வேன் ஓட்டுகிறாள். சலவைக்கூடத்தில் துவைத்த படுக்கை விரிப்புகளை விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் இருப்பது மாடி வீடு. வண்டி நிறுத்தத் தனி இடம் கிடையாது. சார்ஜ் போட அந்தக் கம்பம்தான் கதி. இன்று வேன் மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்து சேர்ந்திருந்தது.

"ரெண்டு தடவை கேட்டுட்டேன்டி. மனுஷன் காதுலயே போட்டுக்கல. நாளைக்கும் லேட்டாப் போனா முதலாளி வேற ஆளப் பார்த்துடுவார்." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான். மிளகாய் தடதடவென்று படியிறங்கினாள். மாமா வீட்டுக் கதவை அவள் தட்டவில்லை, அடித்தாள்.

"யாரது கதவ உடைக்கிறது?"

"நான்தான்! உங்க கார் வயிறு நிறைஞ்சு எவ்வளவு நேரமாச்சு! எங்க வேன் பட்டினி கிடக்குது. சாப்பிட்டு முடிச்சா எழுந்திரிக்க வேண்டாமா?"

"எழுந்து எங்க போறது? உன் தலை மேல நிறுத்தட்டுமா?" மாமாவும் கத்தினார். "போன வாரம் உங்கம்மா கேட்டாங்கன்னு எடுத்தேன். இந்தத் தெருவுல ஒரு இடம் கிடைக்கல. எங்கயோ கொண்டுபோய் நிறுத்திட்டு, கொட்டுற மழையில கண்ணாடியத் தோள்ல தூக்கிட்டு வந்தேன். என்னாச்சுன்னு யாராவது கேட்டீங்களா?"



யாரும் கேட்கவில்லைதான். அதனால் மிளகாய்க்குக் கோபம் இன்னும் கூடியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அப்போ உங்களுக்கு வேண்டியது கரண்ட் இல்ல. இடம்!"

"அதத்தானே கத்திக்கிட்டிருக்கேன்!"

"எங்க வேன் நிக்குற இடத்த நீங்க எடுத்துக்கோங்க. நாங்க கம்பத்துக்கு வர்றோம்."

"பேச நல்லாத்தான் இருக்கு. உங்கம்மா வேன எடுத்த அடுத்த நொடியே எவனாவது அங்க நுழைஞ்சிடுவான்."

"நுழையட்டும், பார்க்கலாம்!"

மிளகாய் கூப்பிட, அம்மா இறங்கி வந்து வேனைக் கிளப்பினாள். காலி இடத்தில் இரண்டு சலவைக் கூடைகளை வைத்துவிட்டு, மிளகாய் நடைபாதையில் ஏறி இடுப்பில் கை வைத்து நின்றாள். அந்தப் பக்கம் மாமா வயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது.

"பாப்பா, கூடைய எடு."

"முடியாது. இங்க வண்டி வருது."

"தெரு என்ன உங்கப்பா வீட்டுச் சொத்தா?"

"இல்ல. உங்கப்பா வீட்டுச் சொத்தும் இல்ல!"

சிவப்புக் கார் ஹாரனை அழுத்தியது. அதைவிடப் பெரிய சத்தத்தில் மிளகாய் கத்தினாள்: "மாமாஆஆ! சீக்கிரம்!"

தெருவில் எல்லா ஜன்னல்களும் திறந்தன.

"பொண்ணா இது, பூகம்பம்!" என்று முணுமுணுத்தபடி சிவப்புக் கார்க்காரர் நகர்ந்தார். மிளகாய் கூடைகளை இழுத்தாள். வெள்ளைக் கார் அந்த இடத்தில் கச்சிதமாகப் புகுந்தது. அங்கே கம்பத்தடியில் அம்மா வேனில் வயரைச் செருகினாள். ஆரஞ்சு விளக்கு மினுக்கத் தொடங்கியது.

மறுநாள் விரிப்புகள் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தன.

அன்று சாயங்காலம் வாசலில் மாமா நின்றார். பக்கத்தில், கையில் கார் சாவியோடு தையல்கார அக்கா.

"இன்னிக்குக் கம்பத்துல போட்ட என் கார் நிறைஞ்சிடுச்சு. அடுத்து இவங்க போடணுமாம். நான் இவங்க இடத்துக்குப் போறேன்," என்றார் மாமா. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "கொஞ்சம் வந்து கோவமா நிக்கிறியா?"