லாயத்துப் பொந்தில் ஒரு கை

வள்ளம் நெடுந்தீவுத் துறையை அடைந்தபோது நல்ல வெயில். அன்னமுத்து தன் தம்பி இலட்சுமணனைத் தாங்கிப் பிடித்து இறக்கினாள். வயது இருபது, நடையோ கிழவன் நடை. கடத்தல் வள்ளத்தில் கூலிக்குப் போனவனுக்குக் கூலியாக அபினைத்தான் கொடுத்துப் பழக்கினார்கள். அந்த வள்ளத்தின் பாய்க்கயிறு அவனுடைய வலக்கைச் சுண்டுவிரலையும் அறுத்துக்கொண்டு போயிருந்தது.

அவன் பிடிபட்டபோது ஊர்காவற்றுறைக் கோட்டில் நீதவான் இரக்கப்பட்டிருந்தார். மறியல்வீட்டில் அடைத்தால் பையன் இன்னும் கெடுவான், ஊர்த்தலைவர் விதானையார் பொறுப்பெடுக்கட்டும், அடுத்த தவணைக்கு அபினை விட்டவனாக வந்து நின்றால் விடுதலை என்றார். தாய் தகப்பன் இல்லாத அன்னமுத்துவுக்கு அவன் ஒருவன்தான் மிச்சம். எப்படியும் அவனை மீட்டுவிடலாம் என்றுதான் நம்பினாள், பாவம்.

விதானையார் கதிர்காமு அவனை ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தில் வைத்துப் பூட்டினார். முருகைக்கல் சுவர், ஜன்னல் கிடையாது. முன்பு குதிரைக்குப் புல் தள்ளிய ஒரு பொந்து மட்டும் இருந்தது. உள்ளே ஈரமும் பழஞ்சாணமும் மணத்தன.

“திறப்பு என்னட்டை இருக்கட்டும். உன்னட்டைத் தந்தா, அவன் அழுதவுடனை திறந்துபோடுவாய்,” என்றார்.

அது உண்மைதான். அவள் திறந்திருப்பாள்.

வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி கொடுத்த அபினை, நாளுக்கு நாள் சிறிதாக உருட்டி, மத்தியானத்தில் பொந்து வழியாகக் கொடுக்க வேண்டும். ஒரேயடியாக நிறுத்தினால் உயிர் தாங்காது என்று அவர் எச்சரித்திருந்தார். இன்னொன்றும் சொன்னார்: “தந்தாலும் தரேல்லை எண்டுதான் சொல்லுவான். நம்பிப்போடாதை பிள்ளை.”

முதல் மத்தியானம் பொந்திலிருந்து கை நீண்டது. தம்பியின் கை பிச்சை கேட்பதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு வெடித்தது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு உருண்டையை வைத்தாள். உள்ளங்கை சில்லிட்டிருந்தது. மேல் குளிரும் என்று அப்போதிக்கரி சொல்லியிருந்தார்தானே.

அதன் பிறகும் அவள் அந்தக் கையைப் பார்த்துக் கொடுக்கவே இல்லை.

“அக்கா, குடல் முறுக்குது. இண்டைக்காவது தா.”

“இப்பதானே தம்பி தந்தனான்.”

“ஆருக்குத் தந்தனி? சத்தியமாய் எனக்குத் தரேல்லை.”

குரல் எங்கோ தூரத்து மூலையிலிருந்து வந்தது. பழைய கட்டடம், சத்தம் அப்படித்தான் அலையும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். காலையில் கஞ்சி வைக்கப் போன விதானையாரும், “மூலைக்குள்ளை சுருண்டு கிடக்கிறான். உவங்கள் அப்பிடித்தான் கிடப்பாங்கள்,” என்றார்.

நாளுக்கு நாள் அவன் குரல் மெலிந்தது. பொந்தடியில் கிண்டிய மண்ணின் மணம் வரத் தொடங்கியது.

ஒரு மத்தியானம் காற்று விழுந்துவிட்டது. பனைகள் அசையவில்லை. வெளியில் மேய்ந்த தீவின் காட்டுக் குதிரைகளெல்லாம் தலையை நிமிர்த்தி லாயத்தையே பார்த்துக்கொண்டு நின்றன.

கை நீண்டது.

அதே நேரம், தூரத்து மூலையில் இலட்சுமணன் முனகினான்.

“அக்கா... எனக்குப் பக்கத்திலை இருந்தவன் எழும்பி உன்னட்டை வாறான்.”

அவள் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தாள்.

வலக்கை.

ஐந்து விரல்களும் இருந்தன.

அவள் போட்ட சத்தத்தில் விதானையார் திறப்போடு ஓடிவந்தார். கதவு திறந்தபோது உள்ளே இலட்சுமணன் மட்டும்தான் கிடந்தான். உதடுகள் வெடித்திருந்தன. கண்கள் திறந்தபடி இருந்தன. மூச்சு இல்லை.

“நீ சொன்னதை நான் நம்பேல்லையே, என்ரை ராசா!” அவனை மடியில் போட்டுக்கொண்டு மார்பில் அடித்து அழுதாள்.

விதானையார் பொந்தைப் பார்த்தபடி சொன்னார்: “போன மாரியிலை மடத்துவெளிப் பெடியன் ஒருத்தனையும் இதுக்கைதான் வைச்சனாங்கள். அவனுக்கு அபின் ஒண்டும் குடுக்கேல்லை. கேட்டுக் கேட்டே செத்தான்.”

சுடலைக்குக் கொண்டுபோய் எரித்த மறுநாள், பொந்தை அடைப்பதற்கு அன்னமுத்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடைசி உருண்டை இன்னும் சேலைத் தலைப்பு முடிச்சில் இருந்தது. கடுகளவுதான். அதோடு அவன் மீண்டிருப்பான்.

லாயம் திறந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

பொந்திலிருந்து இரண்டு கைகள் நீண்டன.

ஒன்றில் நான்கு விரல்கள்.

கல் அவள் கையிலிருந்து விழுந்தது. இந்த முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை. முடிச்சை அவிழ்த்து, தம்பியின் உள்ளங்கையில் உருண்டையை வைத்தாள். அவன் விரல்கள் மூடுமுன் மற்றக் கை அதைப் பறித்துக்கொண்டது.

கைகள் இரண்டும் இருட்டுக்குள் போயின. தூரத்து மூலையிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

“அக்கா, எனக்குத் தரேல்லை.”