ஒரு பொட்டு குறைவு

ஞானசுந்தரம் கூடத்திலிருந்து பால்கனிக்குப் போனால் நாதஸ்வரமும் கூடவே போகும். பால்கனியிலிருந்து படுக்கையறைக்கு வந்தால் பின்னாலேயே வரும். குளியலறை வாசலில் மட்டும் செருப்பைப் போல வெளியே நின்றுவிடும். அங்கே ஒலிப்பொட்டு கிடையாது.

மற்ற அறைகளில் எல்லாம் நெற்றிப் பொட்டின் அளவில், கம்பி எதுவும் இல்லாமல், சுவரில் ஒட்டியிருந்தது. யார் எந்த அறையில் இருக்கிறார் என்று ஒலிப்பொட்டு அறியும். அவர் கேட்கும் இசையை அவர் போகும் அறைக்கெல்லாம் கொண்டுபோகும். கூப்பிட்டவர் குரலைக் கூப்பிடப்பட்டவர் காதருகே கொண்டுபோய்ச் சேர்க்கும். யாருக்கென்று இல்லாத சத்தத்தை உறிஞ்சிவிடும். அதனால் அந்த அடுக்ககத்தில் ஒரு வீட்டு மிக்ஸி இன்னொரு வீட்டுக்குக் கேட்காது. ஒரு வீட்டு மனிதரை இன்னொரு வீட்டுக்குத் தெரியவும் தெரியாது. திருச்சியில் இப்படி ஓர் அமைதியா என்று வருகிறவர்கள் வாய் பிளந்தார்கள்.

ஆனால் ஞானசுந்தரத்தின் மனைவி பரிமளத்துக்கு அது ஆடம்பரம் இல்லை. தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனபின் அவள் குரல் வெறும் கிசுகிசுப்பாகிவிட்டது. முன்பெல்லாம் அடுப்படியிலிருந்து ஓர் அதட்டல் போட்டால் பால்கனியில் இருப்பவர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிவருவார். இப்போது அவள் சொல்வதெல்லாம் கடுகு வெடிக்கும் சத்தத்திலேயே காணாமல் போயிற்று. சொந்த வீட்டிலேயே தான் இல்லாத ஆளாகிவிட்டோம் என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

அப்போதுதான் பொட்டு மாட்ட ஆள் அழைத்தார்கள். வந்த ஹாரூன் சொன்ன தொகையைக் கேட்டு ஞானசுந்தரத்துக்குத் தலை சுற்றியது.

"இன்னொரு வீடே வாங்கிடலாம் போலிருக்கேப்பா!"

"பொட்டுகளை இயக்க வீட்டுக்குன்னு தனி மூளை வச்சா அப்படித்தான் சார். கீழ்த்தளத்துல எல்லா வீட்டுக்கும் பொது மூளை இருக்கு, அதுல சேர்ந்துக்கிட்டா பாதி செலவுதான். பயப்படாதீங்க, உங்க பேச்சு வெளியே போகாது. முதல்ல உங்க வீட்டுக்குள்ளதான் ஆளைத் தேடும். கிடைச்சதும் நின்னுடும்."

"கிடைக்கலேன்னா?"

"வீட்டுல இருக்கிற ஆள் எங்க சார் போயிடப் போறாரு?"

பாதியும் கையைக் கடித்தது. குளியலறைக்கு நீர் புகாத பொட்டு வேண்டும். அதன் விலை மூன்று மடங்கு. "அங்கயாவது இவ என்னை நிம்மதியா விடட்டும்" என்று ஞானசுந்தரம் அதை வேண்டாமென்றார்.

ஹாரூன் பெயர்களைப் பதியத் தொடங்கினான். "சாரை எப்படிம்மா கூப்பிடுவீங்க?"

பரிமளத்துக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

"ஏங்க."

"இந்தக் கட்டடத்துல முக்கால்வாசி வீட்டுல இதேதாம்மா" என்று அப்படியே பதிந்துகொண்டான்.

அன்றிலிருந்து பரிமளம் மறுபடி அந்த வீட்டுக்கு எஜமானி ஆனாள். அடுப்படியில் முணுமுணுத்தால் போதும், பால்கனியில் அவர் துள்ளி எழுந்தார். சண்டைகூடப் பழையபடி களை கட்டியது. விட்ட உயிர் திரும்பி வந்ததைப் போல இருந்தது அவளுக்கு.

ஒருநாள் காலை நாதஸ்வரம் குளியலறை வாசலில் நின்றது. நின்றது நின்றதுதான், மறுபடி தொடங்கவே இல்லை. என்னவோ ஏதோவென்று பரிமளம் போய்க் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. உள்ளே தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம்.

பயத்தில், வாழ்நாளில் முதல்முறையாக, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஞானசுந்தரம்!"

"அந்தப் பெயரில் இங்கு யாரும் இல்லை" என்றது வீடு, மிகப் பணிவாக.

பரிமளம் கதவில் நெற்றியை வைத்து அழுதாள். "ஏங்க..."

பொது மூளை அந்த 'ஏங்க'வைக் கூடத்தில் தேடியது. அடுப்படியில், படுக்கையறையில், பால்கனியில் தேடியது. பொட்டில்லாத அறை இருப்பதே அதற்குத் தெரியாது. வீட்டுக்குள் ஆள் இல்லையென்றதும் வாசல் தாண்டிப் போயிற்று. வெளியே 'ஏங்க'க்களுக்கா பஞ்சம்? மாடிக்கு மாடி, அவரவர் காதருகே, வீட்டு எண்ணோடு சேர்த்து, ஒரு பெண்ணின் அழுகையைக் கொண்டுபோய் வைத்தது.

பாதி முகத்தில் சவர நுரையோடு முதலில் ஓடிவந்தவர் எதிர்வீட்டுத் தங்கதுரை. தோசைத் திருப்பியும் கையுமாக ஒருவர் வந்தார். லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி மூச்சிரைக்க இன்னும் பலர். எல்லோருமாகத் தோள்கொடுத்துக் கதவைப் பெயர்த்தார்கள். வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்த ஞானசுந்தரத்தை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். வராந்தாவில் நின்றபோதுதான் அவர்கள் ஒருவரையொருவர், "நீங்க எந்த மாடி?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

அவர் வீடு திரும்பியதும் ஹாரூன் பதறிக்கொண்டு வந்தான். "பெரிய தப்பு நடந்துபோச்சும்மா. வீட்டுப் பேச்சு வெளியே போயிருக்கு. கம்பெனியில குளியலறைக்கு ஒரு பொட்டு இலவசமா குடுக்கச் சொல்லிட்டாங்க. இனிமே சார் எங்க இருந்தாலும் கரெக்டா கண்டுபிடிச்சுடும்."

"போடுப்பா, போடு" என்றார் ஞானசுந்தரம், தலைக்கட்டோடு.

"வேணாம்" என்றாள் பரிமளம். "அன்னிக்கு அங்க பொட்டு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? நினைவில்லாம கிடக்கிற மனுஷன் காதுல போய் ஏங்கன்னு சொல்லிட்டு, ஆள் கிடைச்சாச்சுன்னு நின்னிருக்கும். நான் கத்துனது வேற யாருக்குக் கேட்டிருக்கும்?"

ஹாரூன் கையிலிருந்த பொட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தான். ஞானசுந்தரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் மேல்மாடி ரஞ்சிதம் நின்றிருந்தாள். அவள் கணவர் இதயநோய்க்காரர். தனி மூளை, அறைக்கு அறை பொட்டு, குளியலறையிலும்கூட என்று கட்டடத்திலேயே அதிகம் செலவழித்த வீடு அவளுடையது. தனி மூளை என்பதால் அன்று பரிமளத்தின் குரல் அந்த வீட்டை எட்டவே இல்லை.

"தம்பி, எங்களையும் பொது மூளையில சேத்துடு. குளியலறைப் பொட்டையும் எடுத்துடு."

ஹாரூன் தலையைச் சொறிந்தான். "எடுக்கலாம்மா. ஆனா மாட்டினதைவிடக் கழற்றுறதுக்குத்தான் செலவு ஜாஸ்தி."

ரஞ்சிதம் பேரம் பேசவில்லை.