அடுத்தடுத்த ஆறு தடங்கள்

1998 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றே கால் மணி, விடாத தூறல். தலைமை அலுவலகத்தோடு நடந்த வீடியோ கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துபோன பிறகும், தொலைபேசி அறைத் திரையில் ஆறு அழைப்புத் தடங்களின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

நிறுவனத்தின் டெலிபோன் டெக்னீஷியன் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. வெளி அழைப்புகளையெல்லாம் கட்டடத்துக்குள் கொண்டுவரும் டிரங்க் கேபிளில் முப்பது தடங்கள். வெறும் பேச்சுக்கு ஒன்று போதும். படத்தோடு வரும் அகன்ற அழைப்புக்கு ஆறு வேண்டும். அதுவும், சினிமாவுக்குப் போன குடும்பத்தைப் போல, ஒரே வரிசையில் வேண்டும். நடுவே ஓர் அந்நியர் அமர்ந்திருந்தாலும் அழைப்பு திரும்பிவிடும். ஆகவே பேச்சு முப்பதாம் தடத்திலிருந்து இறங்கவும், அகன்ற அழைப்பு முதல் தடத்திலிருந்து ஏறவும் அவளே ஒழுங்கு செய்திருந்தாள். அந்த ஒழுங்கில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இணைப்பைத் துண்டித்தாள். ஆறும் அணைந்தன. உடனே எரிந்தன. அழைத்தவர் எண் இல்லை. இம்முறை அந்த அழைப்பு கேட்டது பன்னிரண்டு தடங்கள்.

சோதனை ரிசீவரை முதல் தடத்தில் செருகிக் காதில் வைத்தாள். துண்டு துண்டாகப் பிரிந்து வரும் படத்தின் ஒரு துண்டு, தகரத்தில் விழும் மழைபோல வெறும் இரைச்சலாகத்தான் கேட்க வேண்டும். கேட்டதோ, மேலண்ணத்தில் ஒட்டியிருந்த நாக்கு மெல்ல உரிந்து வரும் ஓசை. அடுத்த தடத்தில், எச்சில் விழுங்கல். அதற்கடுத்ததில், மென்மையான ஏதோ ஒன்றைப் பற்களுக்கிடையே புரட்டிப் புரட்டி, துப்பவும் மனமின்றி விழுங்கவும் மனமின்றி, யாரோ நிதானமாக மென்றுகொண்டிருக்கும் சப்தம். ரிசீவரின் துளைகளில் ஈரம் கசிந்தது. பல நாள் மூடிக்கிடந்த டிபன் டப்பாவின் வாடை. காதைத் துடைத்தாள். விரலில் பாலாடைபோல ஏதோ ஒட்டிக்கொண்டு நீண்டது.

உள் இணைப்பில் வரவேற்புப் பெண் கூப்பிட்டாள்.

“அக்கா, வெளி லைன் ஒண்ணொண்ணா குறைஞ்சுக்கிட்டே வருது. உங்க மெஷினுக்கு இன்னைக்குச் சாப்பாடு போடலையா?”

“அது சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கு. நீ போனை வை.”

திரையில் இப்போது பதினெட்டு.

வாய் ஒன்று துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. முப்பதும் கிடைத்தால் முழுதாக வந்து சேரும். கேபிளைப் பிடுங்கினால் தீர்ந்தது. ஆனால் மேலாளர் கையெழுத்தின்றிப் பிடுங்கியவரை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவள் வீட்டில் அடுப்பெரிவது இவள் வேலையால். அனுமதி கேட்டு இரண்டு வரி எழுதிக்கொண்டு மாடியிலிருந்த மேலாளர் அறைக்கு ஓடினாள்.

“சார், டிரங்க்கைக் கழட்டணும். ஒரு கையெழுத்து போதும்.”

“ஏம்மா, நாளைக்கும் கூட்டம் இருக்கு. கழட்டிட்டு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மேலே பேசறது?”

“நீங்களே கேட்டுப் பாருங்க சார்.”

மேசைத் தொலைபேசியில் தடத்தின் எண்ணை அழுத்தி, ரிசீவரை அவளே அவர் கையில் கொடுத்தாள்.

கேட்டார். முகம் சுளித்தார். வைக்கவில்லை.

கண்கள் மெல்லச் செருகின. தொண்டை ஏறி இறங்கியது. மறுமுனை விழுங்கும்போதெல்லாம் இவரும் விழுங்கினார். தாடை அசைந்தது. வாயில் ஒன்றுமில்லை. மென்றார்.

“சார், போனை வைங்க.”

மென்றார்.

“சார்!”

“இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?”

குரல் ஈரமாக இருந்தது. ஒரு கையால் தாளை இழுத்தார். அவள் எழுதிய இரண்டு வரிகளையும் அடித்தார். கீழே எழுதினார்: முப்பது தடங்களையும் இந்த அழைப்புக்கே கொடுக்கவும்.

கையெழுத்திட்டார்.

மை காயவில்லை. குனிந்தார். கையெழுத்தின் மீது ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நக்கினார். நிதானமாக. நாக்கு உள்ளே திரும்ப நெடுநேரம் ஆயிற்று.

பிறகு தாளை அவளிடம் நீட்டினார்.